சைலன்சர் மாற்றுவது ஒரு பின்னேர வேலை, கடிதம்தான் முதல் வேலை

என் சைலன்சர் ஓட்டையான செய்தியை எனக்கு முதலில் சொன்னது தரம் ஏழு பிள்ளைகள்தான். "கொழுந்து லொறி வருதுன்னு நெனச்சோம் சேர்" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் மூன்று தேயிலைத் தோட்டங்களில் பின்னேரக் கணித வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் ஆறு நாளும் பல்சர் 150ல்தான் ஓட்டம். ஏற்றத்தில் சத்தம் மாறிக்கொண்டு வருவது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சம்பளம் வரட்டும் என்று தெரியாத மாதிரி இருந்தேன்.

அன்று இரவு இஸ்தோப்பில் பைக்கை ஏற்றி, டோர்ச் அடித்து அடியில் பார்த்தேன். டப்பாவின் வயிற்றில் பெருவிரல் நுழையும் ஓட்டை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டினால் ஓரமெல்லாம் மாரி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

துரு வெளியிலிருந்து வந்ததில்லை, உள்ளேயிருந்து வந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். நீண்ட ஓட்டத்தில் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி அப்படியே போய்விடும். என் ஓட்டமோ இரண்டு கிலோமீற்றர் போய் ஒரு மணித்தியாலம் நிறுத்தி, மறுபடி மூன்று கிலோமீற்றர் போவது. அதுவும் குளிரில். ஆவி டப்பாவுக்குள்ளேயே தண்ணீராகி நின்றுவிடுகிறது. அனேக சைலன்சர்களின் அடியில் அந்தத் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். சேறு அடைத்தால் கம்பியால் குத்திவிட வேண்டும். அதை "ஓட்டை" என்று நினைத்து எம்-சீல் பசை வைத்து அடைத்தவர்களை எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

சரி, என்ன செய்யலாம்? ஒட்டு வைத்து வெல்டிங் பண்ணலாம். ஆனால் சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே மெலிந்திருந்தால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி போகும். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய ஒரிஜினல் ஒன்றைத் தேடலாம். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் வகுப்பும் போகும். புதிய ஒரிஜினல் வாங்கலாம். கையில் காசு இருந்தால் அதைத்தான் வாங்குங்கள், இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. நான் வாங்கியது, அதே மொடலுக்கென்றே செய்த, வளைகுழாயோடு வரும் துருப்பிடிக்காத உருக்குச் சைலன்சர். உள்ளே டீபி கில்லர் என்று சொல்லும் சத்தக் குறைப்பான் இருக்கிறது. விலை ஒரிஜினலில் பாதிக்குக் கிட்ட.

சத்தத்துக்காக மாற்ற நினைக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பள்ளத்தாக்கில் இரவு எட்டு மணிக்கு ஒரு பைக் கத்தினால் எதிர்மலை லயத்திலும் குழந்தை எழும்பும். போதாததற்கு 2025 ஜனவரியில் க்ளீன் ஸ்ரீலங்கா என்ற அரசாங்கத் திட்டத்தில் பொலிஸார் சத்தமான சைலன்சர்களையும் கூடுதல் பூட்டல்களையும் கழற்ற வைக்கத் தொடங்கினார்கள். சத்தக் குறைப்பான் இல்லாத பைப் ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு தலவாக்கலை டவுனுக்குள் தள்ளிக்கொண்டு போவதில் என்ன கெத்து?

இனி ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பனிக்கு ஒரு கடிதம். ஏன் என்பதற்கு என் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

இதற்கு முன் இருந்த பைக்கிலும் சைலன்சர் மாற்றினேன். வெல்டிங் பட்டறையில் செய்த பைப். யாரிடமும் சொல்லவில்லை. சீ.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் நம்பர், செசி நம்பர், நிறம் எல்லாம் இருக்கிறது, சைலன்சருக்கென்று ஒரு வரியும் இல்லை, அப்புறம் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு ஆடி மாதக் காலை, சென் கிளெயார் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வளைவொன்றில் பனிமூட்டம். ரோட்டில் லொறி சிந்திய டீசல். பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கை தோல் போனது. ஹெட்லைட், ஹேண்டில், முன் ஃபோர்க் மூன்றும் போயின.

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்ததால் கம்பனிக்குப் போன் அடித்தேன். சேதத்தை மதிப்பிட வந்த அசெஸர் நல்ல மனுஷன், முதலில் எனக்குத்தான் தண்ணீர் வாங்கித் தந்தார். படம் எடுத்துக்கொண்டே வந்தவர் சைலன்சரிடம் நின்றார். போனில் எதையோ தேடினார். இன்சூரன்ஸ் போட்ட அன்று எடுத்த படம் அதில் இருந்தது. "இது மாத்தினதா தம்பி? கம்பனிக்கு எழுதிக் குடுத்தீங்களா?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் கிளெய்ம் அசையவே இல்லை. கடைசியில் குறைத்துக் கொடுத்தார்கள். டீசலில் வழுக்கியதற்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு இன்றைக்கு வரை பதில் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் போடும்போது நிரப்பிய ப்ரொபோசல் படிவத்தை எடுத்து ஆறுதலாக வாசித்தபோது, வாகனத்தில் மாற்றம் செய்தால் அறிவிப்பேன் என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்துதான் இருந்தது. அழகாக, தேதியோடு.

காப்புறுதி ஒப்பந்தம் கடையில் சாமான் வாங்குவது மாதிரி இல்லை. கடையில் குறை தேடுவது வாங்குபவர் பொறுப்பு. இங்கே பைக்கைப் பற்றி முழுதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் கம்பனியின் முடிவை மாற்றக்கூடிய எதையும் நீங்களாகவே சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. பயன்பாடும் அதில் அடங்கும். வகுப்புக்குப் போகும் பைக்கில் பின்னேரம் சாப்பாட்டுப் பார்சல் ஓட்டினால் அதையும் சொல்ல வேண்டும்.

எதைச் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் வரும். அதே கம்பனியின் அதே பாகத்தைப் போட்டால் அது பழுதுபார்த்தல். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். வேறு தயாரிப்பு, வேறு வடிவம், வேறு சத்தம் என்றால் அது மாற்றம், எழுதுங்கள். சந்தேகம் வந்தாலும் எழுதுங்கள். முத்திரைக் காசுதான் செலவு.

ஏஜன்டிடம் வாட்ஸ்அப்பில் "அண்ணே, பைப் மாத்திட்டேன்" என்று போட்டு, அவர் கட்டைவிரலைக் காட்டினால் அது அறிவித்தல் ஆகாது. ஏஜன்ட் அடுத்த வருடம் வேறு கம்பனிக்குப் போயிருப்பார், போனும் மாறியிருக்கும். கடிதமாக, கிளைக்கு, இரண்டு பிரதி. நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"மோட்டார் சைக்கிள் இலக்கம் …, காப்புறுதிப் பத்திர இலக்கம் …. மேற்படி வாகனத்தின் சைலன்சர் துருப்பிடித்துப் பழுதடைந்துள்ளது. அதற்குப் பதிலாக … தயாரிப்பான, சத்தக் குறைப்பானுடன் கூடிய சைலன்சரை … ஆம் திகதி பொருத்த எண்ணியுள்ளேன். விலை ரூபா …. என்ஜினிலோ செசியிலோ வேறு மாற்றம் இல்லை. பழைய பாகத்தின் படமும் புதிய பாகத்தின் விலைச்சீட்டும் இணைத்துள்ளேன். பொருத்திய பின் படங்களை அனுப்புவேன். இந்த மாற்றத்தோடு காப்புறுதி தொடருமா, தவணைப் பணம் மாறுமா, விபத்து நேர்ந்தால் புதிய பாகத்துக்கும் இழப்பீடு உண்டா என்பவற்றை எழுத்தில் அறியத்தரவும்."

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காப்புறுதி தொடரும் என்பது வேறு, புதிய சைலன்சர் நசுங்கினால் அதற்குக் காசு வரும் என்பது வேறு. ஹட்டன் கிளையில் இருந்த மிஸ் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃபோர்ம் இல்லையே சேர்" என்றார். ஃபோர்ம் வேண்டாம் மிஸ், பிரதியில் பெற்றுக்கொண்டதாகச் சீல் அடித்து இன்றைய திகதியைப் போட்டுத் தாருங்கள் என்றேன். பத்து நிமிடம் உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்து அடித்துத் தந்தார். கிளைக்குப் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை வைத்துக்கொள்ளலாம்.

பைக் லீசிங்கில் இருந்தால் இன்னொரு கடிதமும் உண்டு. கடன் முடியும் வரை சீ.ஆர். புத்தகத்தில் அப்சலூட் ஓனர் என்று இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். உங்கள் பைக் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இன்னும் அவர்களுடையது. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, விழுந்தால் சொந்த பைக்குக்கு எப்படியும் ஒரு சதமும் வராது. இருந்தாலும் அவர்களும் எழுதி வைப்பது நல்லது. ஒருவரை மோதிவிட்டு நிற்கும் நேரத்தில் கம்பனியோடு இன்னொரு வழக்கு யாருக்கு வேண்டும்?

இனி ஸ்பேனர்.

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெசின் பிட்டராக இருந்தவர். ரோலர் மேசையின் பெயரிங் சத்தத்தை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். பைக் வேலை என்றால் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, கையை வைக்காமல் வாயால் மட்டும் செய்வார். இந்த வேலையும் அப்படித்தான் நடந்தது.

முதல் நாள் இரவே ஹெட்டில் இருக்கும் இரண்டு நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட வேண்டும். காலையில் இன்னொரு தடவை. இந்த இரண்டு நட்டுதான் முழு வேலையின் ஆபத்தும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதில் பதிந்திருக்கும், நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் உருக்கு. வருடக்கணக்கில் சூடும் மழையும் பட்டு நட்டும் ஸ்டட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும். நீட்டுக் கைப்பிடியைப் போட்டுப் பலத்தைக் காட்டினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். பிறகு ட்ரில் போட்டு எடுக்க லேத் பட்டறைதான். புது சைலன்சரின் விலையைவிட அது கூடினாலும் கூடும்.

என்னுடையதில் இடப்பக்க நட்டு வந்தது. வலப்பக்கம் மசியவில்லை. நான் கைப்பிடியில் காலை வைக்கப் போனேன்.

"காலை எடு" என்றார் அப்பா. "மொதல்ல இறுக்கு."

"கழட்டத்தானேப்பா போறோம்?"

"ஒரு முடி அளவு இறுக்கு. துரு உடையும். அப்புறம் கழட்டு."

இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கழற்றும் பக்கம் கால் சுற்று வந்து மறுபடி நின்றது. அங்கேயே நிறுத்தி, ஸ்ப்ரே அடித்து, திரும்ப இறுக்கி, திரும்பக் கழற்றி, அரைச் சுற்றுக்கு அரைச் சுற்று அதைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அதற்கும் அசையாவிட்டால் என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு இளஞ்சூட்டில் முயற்சிக்கலாம். அலுமினியம் உருக்கைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட விரியும், ஸ்டட்டோடு சேர்ந்து கழன்றால்கூடப் பரவாயில்லை, முறியாமல் வந்தால் போதும். பெற்றோல் டேங்குக்குக் கீழே லாம்பு, டோர்ச் நெருப்பு என்று யாராவது யோசனை சொன்னால் அவரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிடுங்கள்.

முன்பக்கம் விட்டதும் பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கம் உள்ள போல்ட். அதைக் கழற்றும்போது ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பாரமும் ஸ்டட்டில் தொங்கும். பழையதை இழுத்தெடுத்த பிறகு ஹெட்டின் துவாரத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள். பழைய கேஸ்கட் வளையம் அங்கேயே நசுங்கி ஒட்டியிருக்கும். அதைக் கொக்கிக் கம்பியால் மெதுவாக எடுத்துவிட்டு, புது வளையம் போட வேண்டும். பழைய வளையத்துக்கு மேலே புது வளையம் வைத்தால் சீராக உட்காராது. பழையதையே திரும்பப் போட்டால் கசியும். பில்லில் மிகச் சின்னத் தொகை இந்த வளையத்துக்குத்தான். அதைத்தான் எல்லோரும் வாங்க மறக்கிறார்கள். நானும் மறந்தேன். கடை ஞாயிறு பூட்டு என்பதால் ஒரு நாள் பஸ்ஸில் போனேன்.

பொருத்தும்போது ஒரே விதி: எல்லாவற்றையும் விரலால் மட்டும் பிடிக்க வைத்து, பிறகு இறுக்குவது. ஸ்டட்டில் கொஞ்சம் கொப்பர் கிரீஸ். முன் நட்டு இரண்டையும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் வளையம் சரிந்து உட்காரும். முன்பக்கம் முடிந்த பிறகே பின் போல்ட். அந்தப் போல்ட்டைப் பூட்ட சைலன்சரை உந்தி, இழுத்து, வளைக்க வேண்டியிருந்தால் எங்கோ பிழை. அப்படி இழுவையில் பூட்டிய பைப் எங்கள் குழி ரோட்டில் மூன்று மாதத்தில் பிராக்கட் ஓரம் வெடிக்கும்.

ஸ்டார்ட் பண்ணும் முன் பைப்பைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய விடுங்கள். கையின் ஒயில் தடம் சூட்டில் வெந்து அப்படியே நிற்கும். என் பைப்பில் அப்பாவின் நாலு விரலும் நிரந்தரமாக இருக்கிறது. கையை வைக்கமாட்டேன் என்றவர் கடைசி நிமிடத்தில் வைத்தார்.

முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகை வரும், அது தயாரிப்பு ஒயில். கசிவு பார்க்க, என்ஜின் குளிராக இருக்கும்போதே சவுக்காரத் தண்ணியைப் பைப் ஹெட்டோடு சேரும் மூட்டில் தடவி ஸ்டார்ட் பண்ணுங்கள். நுரை பொங்கினால் கசிவு. ஒரு நாள் ஓடி ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். சூட்டில் வளையம் இன்னும் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

இனி மலைநாட்டுக்கே உரிய ஒரு விஷயம். கார்பரேட்டர் பைக் வைத்திருப்பவர்கள் இதை ஆறுதலாக வாசியுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று குறைகிறது, கார்பரேட்டரோ பெற்றோலைப் பழையபடிதான் விடுகிறது. அதனால் மேலே நம் பைக்குகள் எப்போதும் கொஞ்சம் பெற்றோல் கூடித்தான் ஓடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக இருக்கும். இப்போது இலகுவாக மூச்சு விடும் பைப் ஒன்றைப் பூட்டினால் காற்று கொஞ்சம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மேலே பைக் தேன் மாதிரி ஓடும். "என்னா மாதிரி பிக்கப்" என்று நானும் ஒரு கிழமை சொல்லித் திரிந்தேன்.

பிறகு கொழும்புக்கு ஒரு பயணம். கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க, த்ரொட்டிலை விடும்போதெல்லாம் பைப்புக்குள் பட் பட் என்று வெடி. அவிசாவளை வந்தபோது என்ஜின் வழக்கத்தைவிடச் சூடு. நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். மேலே இளம் மண்ணிறத்தில் இருந்த நுனி வெள்ளையாக இருந்தது. கீழே அடர்ந்த காற்று, திறந்த பைப், ஆனால் பெற்றோல் போதவில்லை. அதிலேயே தொடர்ந்து ஓடினால் வால்வும் பிஸ்டனும் விலை கொடுக்கும். அப்பாவிடம் சொன்னபோது, "டிரையர் அடுப்புக்குக் காத்து கூடினா இதே கதைதான்" என்றார்.

ஆக, டியூனை உங்கள் வீட்டு உயரத்தில் செய்து முடித்துவிடாதீர்கள். நீங்கள் வழமையாக ஓடும் இடங்களில் மிகத் தாழ்ந்தது எதுவோ, அங்கே பிளக் மண்ணிறமாக இருக்க வேண்டும். மேலே வந்தால் கொஞ்சம் கறுக்கும், அது பரவாயில்லை. கார்பரேட்டரின் கலவை ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன், அது மெதுவாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், திரும்பி வர ஒரு வழி வேண்டும். பெற்றோல் போகும் ஜெட்டை மாற்றும் அளவுக்குப் போனால் நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் விடுங்கள். அதையும் இன்சூரன்ஸ் கடிதத்தில் சேர்க்க வேண்டும். என்ஜினில் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே.

இழந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல்சரின் ஒரிஜினல் வளைகுழாயில் எக்ஸாஸ்டெக் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. குறைந்த வேகத்தில் இழுவை வருவதற்காக வைத்தது. என் புதுப் பைப்பில் அது இல்லை. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில், இப்போது ஒன்றுக்கு வர வேண்டியிருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

வாகன வருமான லைசன் புதுப்பிக்கும் முன் வரும் புகைப் பரிசோதனையில் பெற்றோல் பைக்குக்குக் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கிறார்கள். பழைய சைலன்சரில் வினையூக்கி இருந்து புதியதில் இல்லாவிட்டால் இரண்டும் கூடும். மூட்டில் கசிவிருந்தால் அளவே குழம்பும். நான் டியூன் பண்ணி இரண்டு நாளில் போய்ப் பாஸ் ஆனேன்.

பொருத்திய பின் படங்கள் நாலு எடுத்து, பில்லோடு கிளைக்கு அனுப்பினேன். வலப்பக்கம், இடப்பக்கம், சத்தக் குறைப்பான் தெரியப் பின்பக்கம், நம்பர் பிளேட்டும் பைப்பும் ஒரே படத்தில். பதில் வராவிட்டால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள். கிளெய்மில் தகராறு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு. அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் இப்படியான தகராறுகளை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். பழைய பைக் விழுந்த காலத்தில் அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

எனக்கு மூன்றாவது கிழமையில், காப்புறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கும் எண்டோர்ஸ்மென்ட் வந்தது. சைலன்சர் மாற்றம் பதியப்பட்டது, தவணையில் வித்தியாசம் இல்லை, புதிய பாகத்துக்கு அதன் பில் தொகை வரை. சந்தோஷத்தில் மடித்து சீ.ஆர். பிரதியோடு வைக்கப் போனேன். "வாசிச்சியா?" என்றார் அப்பா. வாசித்தேன். சைலன்சர் சரி, திகதி சரி, பைக் நம்பரின் கடைசி இலக்கம் பிழை. அடுத்த நாள் மறுபடி ஹட்டன் பஸ்.